இறந்தவர் சொல்லும் சாட்சி

மும்பையில் ரெயில் பாதை ஓரம் ஒருவர் பிணமாகக் கிடக்கிறார். ரெயிலில் இருந்து தவறி விழுந்தாரா? யாராவது கொன்று போட்டார்களா? பதில் சொல்வது பிரேத பரிசோதனைதான்.

போலீசார் பஞ்சநாமா எழுதி, உடலை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். உடைகளையும் வெளிக்காயங்களையும் டாக்டர் குறித்துக்கொள்வார். பிறகு தலை, மார்பு, வயிறு ஆகியவற்றைத் திறந்து பார்ப்பார்.

உயிரோடு இருக்கும்போது பட்ட காயம் என்றால் ரத்தம் சதைக்குள் பரவி உறைந்திருக்கும். செத்த பிறகு ரெயில் ஏறிய உடலில் அந்த அடையாளம் இராது. விஷம் என்று சந்தேகம் வந்தால் இரைப்பை, கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றின் பகுதிகள் ரசாயன பரிசோதனைக்குப் போகும். கடைசியில் உடலைத் தைத்து, உறவினர்களிடம் ஒப்படைப்பார்கள்.

"அறுக்காமல் கொடுங்கள்" என்று உறவினர்கள் கெஞ்சுவது உண்டு. பாசம்தான் காரணம். ஆனால், டிக்கெட் எடுத்துப் பயணம் செய்தவர் ஓடும் ரெயிலில் இருந்து தவறி விழுந்து இறந்தால், குடும்பத்துக்கு நஷ்டஈடு உண்டு. 2017-ம் ஆண்டு முதல் இந்தத் தொகை 8 லட்சம் ரூபாய். தற்கொலை என்றால் கிடைக்காது. இரண்டில் எது என்று தீர்ப்பாயம் விசாரிக்கும்போது, டாக்டரின் அறிக்கை முக்கிய சாட்சி ஆகிறது.

ஊரில் காத்திருக்கும் மனைவி, மக்களுக்கு அந்தக் காகிதம்தான் துணை. அதன் நகலைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.