உப்புப் பாக்கெட்டில் எழுதிய தேதி

எங்கள் வீட்டில் நான்கு பேர். அம்மாவுக்கு பி.பி. 160/100 என்று தெரியவந்த அன்று, புதிதாகப் பிரித்த ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டின் மேல் பேனாவால் தேதி எழுதி வைத்தேன். இருபத்தெட்டாம் நாள் பாக்கெட் காலி. கணக்குப் போட்டால் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 9 கிராம். உலக சுகாதார நிறுவனம் சொல்வது 5 கிராமுக்குள், அதாவது தலைதட்டிய ஒரு தேக்கரண்டி. அந்த அளவோடு நின்றிருந்தால் பாக்கெட் 50 நாள் வந்திருக்கும். கடை மிக்சர், அப்பளம், ஓட்டல் பரோட்டா வழியாக வந்த உப்பு இந்தக் கணக்கில் சேரவே இல்லை.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

உப்பில் ஐந்தில் இரண்டு பங்கு சோடியம். அது தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கருவாட்டுக் குழம்பு சாப்பிட்ட இரவு செம்பு செம்பாகத் தண்ணீர் குடிக்கிறோமே, அது இதனால்தான். அந்தத் தண்ணீர் சேர்ந்து ரத்தத்தின் அளவு கூடுகிறது. குழாய்ச் சுவரில் அழுத்தம் ஏறுகிறது. மிஞ்சிய உப்பை வெளியே தள்ளுவது சிறுநீரகத்தின் வேலை. வயதானவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் அந்த வேலை பெரும்பாலும் மெதுவாகத்தான் நடக்கும். வருஷக்கணக்கில் இப்படியே போனால் ரத்தக்குழாய்கள் விறைத்துப்போகும். பக்கவாதமும் மாரடைப்பும் அந்த வழியிலும் வருகின்றன. தலைசுற்றல் இல்லையே என்று யாரும் தைரியமாக இருந்துவிட வேண்டாம். அம்மாவுக்கும் எந்தத் தொந்தரவும் இருக்கவில்லை.

வயதானால் ஏறத்தான் செய்யுமா?

1988இல் வெளியான இன்டர்சால்ட் ஆய்வில் 32 நாடுகளைச் சேர்ந்த பத்தாயிரம் பேருக்கு மேல் பரிசோதித்தார்கள். அவர்களில் அமேசான் காட்டு யானோமாமி மக்கள் உணவில் உப்பே சேர்ப்பதில்லை. அவர்களின் சராசரி ரத்த அழுத்தம் 95/61 அளவில்தான் இருந்தது. வயது கூடினாலும் ஏறவில்லை. அவர்கள் வாழ்க்கைமுறையே வேறு என்பது உண்மைதான். ஆனாலும் ‘வயசானா பி.பி. வரத்தானே செய்யும்’ என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

இந்துப்பு நல்லதாமே?

அம்மாவும் இதைத்தான் கேட்டார். இந்துப்பு, கல்லுப்பு, தூளுப்பு எல்லாமே பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான். பொட்டாசியம் கலந்த மாற்று உப்பு ரத்த அழுத்தத்தைக் குறைக்கும். ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அது ஆபத்து. சில பி.பி. மாத்திரைகளோடும் ஒத்துவராது. மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொட வேண்டாம்.

எங்கே குறைத்தோம்?

உலையில் உப்புப் போடுவதை நிறுத்தினோம். மோரில் உப்புக்குப் பதில் இஞ்சியும் கறிவேப்பிலையும். ஊறுகாய் ஞாயிற்றுக்கிழமை மட்டும். முதல் மூன்று வாரம் சாம்பார் சப்பென்று இருப்பதாக எல்லோருக்கும் குறை. நான்காவது வாரம் ஒரு கல்யாணப் பந்தியில் அம்மா இலையில் கைவைத்துவிட்டு, “என்னடா, இவ்வளவு உப்பைக் கொட்டியிருக்காங்க!” என்றார். இரண்டாவது பாக்கெட் 41 நாள் வந்தது. அம்மா மாத்திரையை நிறுத்தவில்லை. மாதா மாதம் பி.பி. பார்த்துக்கொள்கிறார். மூன்றாவது பாக்கெட்டில் தேதியை அவரே எழுதிவிட்டார்.