குளிரூட்டி வாங்குமுன் வெக்கையை எண்ணிப் பார்ப்போம்

2009இல் யுத்தம் முடிந்த பின்னர் எமது பிரதேசங்களில் பெண்கள் கூடி நடத்தும் தொழிலகங்கள் பல உருவாகியுள்ளன. தையல் நிலையங்கள், மிளகாய்த்தூள் அரைத்துப் பொதி செய்யும் நிலையங்கள், பனம்பொருள் உற்பத்தி நிலையங்கள் என்று அவை பல வகைப்படும். ஓலைக் கொட்டிலிலும் வீட்டு விறாந்தையிலும் தொடங்கிய வேலை இன்று பல இடங்களில் கல்லுக் கட்டடத்துக்கு வந்துவிட்டது. கட்டடம் எழும்பியதும் அடுத்ததாக வந்து நிற்பது வெக்கை. ஏ.சி. பூட்டுவதா, எந்த வகை, எத்தனை, மாதாமாதம் கரண்ட் பில்லை எப்படிக் கட்டுவது என்ற கேள்விகள் எழுகின்றன.

வடமராட்சியிலுள்ள எமது மாதர் சங்கத்திலும் இக்கேள்விகள் எழுந்தன. எமது கட்டடம் இரண்டு மாடி. கீழே விற்பனைக் கடையும் கந்தோரும், மேலே 40 அடி நீளமும் 20 அடி அகலமும் கொண்ட தையல் மண்டபமும் உள்ளன. அங்கே 24 பெண்கள் வேலை செய்கிறார்கள். ஏ.சி. தெரிவு செய்யும் பொறுப்பு பொருளாளரான என்னிடமும் வேறு இரு அங்கத்தவர்களிடமும் ஒப்படைக்கப்பட்டது. அப்போது நாம் அறிந்துகொண்டவை மற்றச் சங்கங்களிலுள்ள சகோதரிகளுக்கும் உதவும் என்பதால் இங்கு எழுதுகிறேன்.

ஏ.சி. ஆடம்பரமா?

பொதுக்கூட்டத்தில் மூத்த அங்கத்தவர் ஒருவர் எழுந்து, "தொண்ணூறுகளிலை கரண்டே இல்லாமல் ஜாம் போத்தல் விளக்கிலை தைச்ச நாங்கள், இப்ப ஏ.சி. கேக்கிறமோ?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் கூட்டப்பட்டதை நாம் மறக்கவில்லை. அதன் பின்னர் கட்டணம் இறங்கியும் ஏறியும் வந்திருக்கிறது. துண்டுக் கணக்கில் கூலி பெறும் பெண்ணின் கையிலிருந்தே அந்தப் பணமும் போகுமென்றால் ஏ.சி. யாருக்கு நன்மை?

மற்றப் பக்கத்திலும் நியாயம் இருந்தது. சித்திரை, வைகாசி மாதங்களில் பிற்பகல் இரண்டு மணிக்கு எமது மண்டபத்தில் வெப்பமானி 36 பாகை காட்டும். வெள்ளைப் பாடசாலைச் சீருடையில் வியர்வைக் கறை படும். எம்முடன் வேலை செய்யும் ஒரு தங்கச்சிக்கு ஷெல் வீச்சில் ஒரு கால் போய்விட்டது. பொய்க்காலின் கிண்ணத்துக்குள் வியர்வை தேங்கி, தோல் உரசிப் புண்ணாகிவிட்டால் அவரால் இரண்டு கிழமைக்குக் காலைப் பூட்ட முடியாது. அந்த இரண்டு கிழமையும் அவருக்கு வருமானம் இல்லை. அவரைப் பொறுத்தவரை குளிர்ச்சி என்பது ஆடம்பரம் அல்ல, கூலி.

ஆகவே கூட்டம் ஒரு நிபந்தனையுடன் சம்மதித்தது. ஏ.சி.க்காக எவருடைய கூலியிலும் ஒரு சதமும் வெட்டப்படக் கூடாது.

வெக்கை எங்கிருந்து வருகிறது?

முதலில் வந்த விற்பனைத் தம்பி மண்டபத்தை அடி அளவில் அளந்துவிட்டு, "அக்கா, இந்த ஹோலுக்கு 24,000 பி.ரி.யு. மூண்டு போட்டாத்தான் காணும்" என்றார். அவர் சொன்னதைச் சரிபார்க்க, தொழில்நுட்பக் கல்லூரியில் படிப்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரை அழைத்தோம். அவர் முதலில் சொல்லித் தந்தது இதுதான். ஏ.சி. குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் வெக்கையை எடுத்து வெளியே கொட்டுகிறது. ஆகவே உள்ளே எவ்வளவு வெக்கை சேர்கிறது என்று எண்ணாமல் இயந்திரத்தின் அளவைச் சொல்ல முடியாது.

கடைகளில் சொல்லப்படும் ஒரு "தொன்" என்பது மணிக்கு 12,000 பி.ரி.யு., அதாவது ஏறத்தாழ 3.5 கிலோவாற் வெக்கையை வெளியேற்றும் திறன். ஐஸ் கட்டிகளால் குளிரூட்டிய காலத்தில், ஒரு தொன் ஐஸ் ஒரு நாளில் உருகும்போது உறிஞ்சும் வெக்கையை அளவாகக் கொண்டதால் அந்தப் பெயர் வந்தது.

அந்த ஆசிரியருடன் இருந்து நாம் போட்ட கணக்கு இது. எல்லாம் கிலோவாற்றில்:

24 பேரின் உடல் வெப்பம் (ஒருவருக்கு 120 வாற் வீதம்) – 2.9
பழைய கிளச் மோட்டர் பூட்டிய 20 தையல் இயந்திரங்கள் – 5
இரண்டு அயன்கள் – 1
16 ரியூப் லைற்றுகள் – 0.7
வெய்யில் காயும் அஸ்பெஸ்ரஸ் கூரை – 3.7
மேற்குப் பக்க யன்னல்கள் – 2.7
மூச்சுக்குத் தேவையான வெளிக்காற்றுடன் வரும் வெக்கையும் ஈரமும் – 6.5

மொத்தம் 22.5 கிலோவாற். அதாவது ஆறரைத் தொன்னுக்குக் கிட்ட. விற்பனைத் தம்பி சொன்ன மூன்று இயந்திரங்களும் சேர்ந்து ஆறு தொன்தான். ஆகவே அவர் கூட்டிச் சொல்லவில்லை. மண்டபத்தை இருந்தபடியே விட்டால் அவர் சொன்னதும் போதாது.

முதலில் வெக்கையைக் குறைத்தோம்

அந்தப் பட்டியலைப் பார்த்ததும் ஒன்று விளங்கியது. இதில் பாதியை நாமே நிறுத்தலாம்.

கூரைக்கும் சீலிங்குக்கும் இடையில் அலுமினியத் தாள் ஒட்டிய வெப்பத்தடுப்பு விரிப்பைப் போட்டு, கூரையின் மேற்புறத்துக்கு வெள்ளை நிறம் பூசினோம். அஸ்பெஸ்ரஸ் சீற்றைத் துளைக்கவோ அறுக்கவோ விடவில்லை. அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு. கூரையால் வந்த 3.7 கிலோவாற் ஒன்றளவுக்கு இறங்கியது.

மேற்கு யன்னல்களுக்கு வெளியே பனையோலைத் தட்டி கட்டினோம். உள்ளே திரைச்சீலை போட்டால், கண்ணாடியைத் தாண்டி வந்த வெய்யில் அறைக்குள்தான் நிற்கும். வெளியே மறைத்தால் அது உள்ளே வராது. 2.7 இருந்த இடத்தில் 0.9 ஆனது.

அயன் மேசைகளை யன்னல் திறந்த பக்க அறைக்கு மாற்றினோம். ரியூப் லைற்றுகளுக்குப் பதிலாக 18 வாற் எல்.ஈ.டி. போட்டோம்.

அதிகம் மிஞ்சியது தையல் இயந்திர மோட்டரில். கிளச் மோட்டர், தைத்தாலும் தைக்காவிட்டாலும் சுற்றிக்கொண்டே கரண்டை எடுத்து வெக்கையைக் கக்கும். சேர்வோ மோட்டர் பெடலை மிதித்தால் மட்டும் ஓடும். இருபதையும் மாற்றியபோது 5 கிலோவாற் 1.6 ஆகியது. ஒரு நாளைக்கு 7 மணித்தியாலம், மாதம் 25 வேலைநாள் என்று பார்த்தால் மாதத்துக்கு ஏறத்தாழ 600 மின் அலகு மிச்சம். ஏ.சி. பூட்டுவதற்கு முன்னரே கிடைத்த மிச்சம் இது.

இத்தனையும் செய்தபின் மொத்தம் 13.2 கிலோவாற்றுக்கு வந்தது. 24,000 பி.ரி.யு. இரண்டு போதும்.

எந்த வகை?

எமக்கு மூன்று விதமான கூறுவிலைகள் கிடைத்தன.

முதலாவது, சாதாரண ஸ்பிளிற் வகை. உள்ளே ஒரு பெட்டி, வெளியே ஒரு பெட்டி. வாங்கும் செலவு குறைவு. ஒன்று பழுதானாலும் மற்றது ஓடும். பழுது பார்ப்பவர் ஊரிலேயே இருக்கிறார்.

இரண்டாவது, வி.ஆர்.எவ். எனப்படும் முறை. வெளியே உள்ள ஒரே தொகுதியிலிருந்து பல அறைகளுக்குக் குழாய் போகும். எந்த அறைக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு வாயு மட்டும் போகும். 1982இல் ஜப்பானின் டைக்கின் நிறுவனம் அறிமுகப்படுத்தியது. பல அறைகள், பல நேரங்களில் ஆட்கள் வந்துபோகும் ஹோட்டல், வங்கி போன்ற கட்டடங்களுக்கு மிகவும் சிக்கனமானது. ஆனால் எமக்கு ஒரு மண்டபமும் ஒரு சிறு கந்தோரும்தான். வெளித் தொகுதி நின்றால் எல்லாமே நிற்கும். திருத்துபவர் கொழும்பிலிருந்து வரவேண்டும்.

மூன்றாவது, ஒரு பெரிய இயந்திரத்திலிருந்து தகரக் கால்வாய் மூலம் காற்றை அனுப்பும் முறை. குளிர் எல்லா இடமும் சமமாகப் பரவும், வெளிக்காற்றையும் அதனுடனேயே சேர்க்கலாம். ஆனால் எமது சீலிங்குக்கு மேலே கால்வாய் போட இடம் இல்லை. ஐந்து பேர் மட்டும் வேலை செய்யும் நாளிலும் முழு மண்டபத்தையும் குளிராக்க வேண்டும்.

இவற்றைவிடப் பெரிய வைத்தியசாலைகளிலும் மாடிக் கடைத்தொகுதிகளிலும் தண்ணீரைக் குளிராக்கிக் குழாயில் அனுப்பும் சில்லர் முறை உண்டு. எமது அளவுக்கு அது தேவையில்லை.

முடிவாக, மண்டபத்துக்கு சீலிங்கில் பதிக்கும் கசெற் வகையில் 24,000 பி.ரி.யு. இன்வேட்டர் இரண்டும், கணினி உள்ள கந்தோருக்கு 9,000 பி.ரி.யு. ஒன்றும் எடுத்தோம். கடைக்கு ஏ.சி. இல்லை. நாள் முழுதும் கதவு திறந்திருக்கும் இடத்தில் ஏ.சி. போட்டால் வீதிக்குத்தான் குளிர். அங்கே மின்விசிறிகள் போதும்.

மூச்சும் யன்னலும்

பலர் அறியாத விடயம் ஒன்றுண்டு. ஸ்பிளிற் ஏ.சி. வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. உள்ளே இருக்கும் அதே காற்றைத்தான் திரும்பத் திரும்பக் குளிராக்கும். 24 பேர் மூடிய அறையில் இருந்தால் தலையிடியும் தூக்கமும் வரும். தடிமனும் இருமலும் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றும். ஆகவே ஆளுக்கு வினாடிக்கு 8 லீற்றர் என்ற கணக்கில் வெளிக்காற்றைத் தள்ளும் விசிறி ஒன்றைப் பூட்டினோம். பட்டியலில் மிகப் பெரிய தொகை அதற்குத்தான். அதை வெட்டினால் இன்னும் சிறிய இயந்திரம் போதும் என்று ஒருவர் சொன்னார். நாம் சம்மதிக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. எம்மில் பலருக்கு நாலு பக்கமும் அடைத்த அறை பங்கர் ஞாபகத்தைக் கொண்டுவரும். வெளியே தெரியாவிட்டால் நெஞ்சு படபடக்கும். யன்னல்களைப் பலகையால் அடைக்கச் சொன்ன யோசனையை அதனால் மறுத்து, கிழக்குப் பக்கத்தில் தெளிவான கண்ணாடி போட்டோம். கதவும் உள்ளிருந்து இலகுவாகத் திறக்கும். உடம்பில் ஷெல் துண்டுள்ள ஓர் அக்காவுக்குக் குளிர்காற்று நேரே பட்டால் கொதி தாங்க முடியாது. காற்று எந்தப் பக்கம் வீசும் என்று சோக்கட்டியால் நிலத்தில் கீறிப் பார்த்த பின்னரே பெட்டிகளைப் பூட்ட விட்டோம்.

வாங்கும் முன் கேளுங்கள்

1. ஒரு கிலோவாற் கரண்டுக்கு எத்தனை கிலோவாற் குளிர் தரும்? எமக்குக் காட்டிய சாதாரண இயந்திரத்தில் 2.8, இன்வேட்டரில் 3.2. ஒரே அளவுள்ள இரண்டில் இந்த எண் கூடியதே மாதாமாதம் சிக்கனம்.

2. உள்ளே என்ன வாயு? ஆர்-22 ஓசோன் படலத்தைக் கெடுப்பது. 1987ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கையின் கீழ் உலகம் அதைக் கைவிட்டு வருகிறது. பழைய இயந்திரத்தை மலிவாகத் தந்தாலும் வாங்க வேண்டாம். ஆர்-32 ஓசோனுக்குத் தீங்கில்லாதது. பூமியைச் சூடாக்கும் தன்மையும் ஆர்-410ஏ வாயுவின் மூன்றிலொரு பங்களவே. ஆனால் சிறிதளவு தீப்பற்றக் கூடியது என்பதால் பயிற்சி பெற்றவரே கையாள வேண்டும்.

3. கடற்காற்றுக்குத் தாங்குமா? வெளிப் பெட்டியின் தகடுகளுக்கு உப்புத் தடுப்புப் பூச்சு இருக்க வேண்டும். பெட்டியைக் கடற்பக்கம் வைக்காமல் நிழலில் வைத்து, மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும்.

4. கரண்ட் இணைப்புத் தாங்குமா? 30 அம்பியர் ஒற்றை பேஸ் இணைப்பு ஏறத்தாழ 7 கிலோவாற்றைத்தான் தாங்கும். கூடினால் மூன்று பேஸ் இணைப்புக்கு மின்சாரக் கந்தோரில் விண்ணப்பிக்க வேண்டும். எர்த்தும் ட்ரிப் சுவிச்சும் கட்டாயம்.

5. பூட்டும்போது குழாயிலுள்ள காற்றை வெற்றிடப் பம்பினால் எடுப்பார்களா? உத்தரவாதம் எவ்வளவு காலம்? பழுதானால் எத்தனை நாளில் வருவார்கள்? எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள்.

கணக்கு என்ன சொல்கிறது?

இயந்திரத்தை 27 பாகையில் வைத்து, மின்விசிறிகளையும் மெதுவாகச் சுற்ற விடுகிறோம். ஒரு பாகை கூட்டி வைத்தாலே ஏறத்தாழ 5, 6 சதவீதக் கரண்ட் மிஞ்சும். காலையில் பத்து மணி வரை யன்னல் திறந்திருக்கும். வாடைக்காற்று வீசும் மார்கழி, தை மாதங்களில் ஏ.சி. வேண்டியதே இல்லை.

மண்டபத்து ஏ.சி.க்கு மட்டும் தனி மீற்றர் பூட்டியுள்ளோம். அதிக வெக்கையான வைகாசி மாதத்தில் அது 540 அலகு காட்டியது. மோட்டர் மாற்றியதால் மிஞ்சிய 600 அலகைவிட அது குறைவு. அந்த மாதம் தைத்த உடுப்புகள் 3,000. ஆகவே ஓர் உடுப்புக்கு 0.18 அலகு. இந்தத் தொகையை உடுப்பின் விலைக் கணக்கில் சேர்த்தோம். எவருடைய கூலியிலும் கைவைக்கவில்லை. மீற்றர் கணக்கு மாதாமாதம் அறிவித்தல் பலகையில் ஒட்டப்படுகிறது. பொய்க்கால் பூட்டிய தங்கச்சி அந்த வைகாசியில் ஒரு நாளும் லீவு எடுக்கவில்லை.

சகோதரிகளே, இயந்திரம், மின்சாரம், கட்டடம் என்றால் ஆண்கள் வந்து தீர்மானிக்கட்டும் என்று ஒதுங்கி நிற்க வேண்டாம். யார் எங்கே இருந்து வேலை செய்கிறார், யாருக்கு என்ன நோவு, மாதத்தில் எவ்வளவு மிஞ்சும் என்பது எமக்குத்தான் தெரியும். ஒரு கொப்பியும் பென்சிலும் எடுங்கள். கூரையிலிருந்து அயன் மேசை வரை வெக்கை வரும் வழிகளை எழுதுங்கள். தடுக்கக் கூடியதைத் தடுத்த பின்னர், மீதிக்கு மட்டும் இயந்திரம் வாங்குங்கள்.