வைட்டமின் டி மாத்திரை மரபணுவை மாற்றுமா?

ஆவடி பக்கத்தில் இருக்கும் சேக்காட்டிலிருந்து காலையிலேயே கிளம்பி, ரயிலைப் பிடித்து, அம்பத்தூரில் ஏசி ஆபீஸுக்குள் நுழைந்தால், வெளியே வரும்போது இருட்டிவிடும். வெயிலுக்குப் பஞ்சமே இல்லாத ஊரில் 'வைட்டமின் டி குறைவு' என்று ரிப்போர்ட் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். உடனே மெடிக்கல் ஷாப்பில் 60,000 யூனிட் பாக்கெட். கூடவே, 'இது ஜீனையே மாத்திடும்' என்று ஒரு பேச்சு. உண்மை என்ன?

உடலுக்குள் என்ன நடக்கிறது?

மரபணு மாறாது. அது வேலை செய்யும் வேகம்தான் மாறும். வைட்டமின் டி கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் உருமாறி ஹார்மோன் ஆகிறது. செல்லின் உட்கருவுக்குள் போய், தனக்கான ஏற்பியுடன் சேர்ந்து, டிஎன்ஏவில் குறிப்பிட்ட இடங்களில் உட்கார்கிறது. ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி சில மரபணுக்களின் வேகத்தைக் கூட்டும், சிலவற்றைக் குறைக்கும். குடல் கால்சியத்தை உறிஞ்சுவது இப்படித்தான். வைட்டமின் டி அதிகமானால், அதையே சிதைக்கும் மரபணுவும் முடுக்கப்படும்.

ஆய்வுகள் சொல்வது

அமெரிக்காவின் பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தினமும் 400 அல்லது 2,000 யூனிட் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டே மாதத்தில் வெள்ளை அணுக்களில் 291 மரபணுக்களின் செயல்பாடு மாறியது. 2013-ல் வெளியான இந்த ஆய்வு பிரபலமானது. ஆனால் அதில் பங்கேற்றவர்கள் வெறும் 8 பேர்!

காசநோய்க் கிருமியைத் தாக்கும் 'கேத்தலிசிடின்' என்ற புரதத்தின் மரபணுவையும் வைட்டமின் டி தூண்டுகிறது. சென்னை சேத்துப்பட்டில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் வைட்டமின் டி ஏற்பிக்கான மரபணுவுக்கும் காசநோய்க்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்திருக்கிறது.

அப்போ நோயே வராதா?

இங்கேதான் ட்விஸ்ட். மங்கோலியாவில் 8,851 பள்ளிக் குழந்தைகளிடம் மூன்று ஆண்டுகள் நடந்த சோதனையில், வைட்டமின் டி காசநோய்த் தொற்றைக் குறைக்கவில்லை என்று 2020-ல் தெரியவந்தது. அமெரிக்காவில் 25,871 பேரிடம் நடந்த 'வைட்டல்' ஆய்விலும் புதிதாகப் புற்றுநோயோ மாரடைப்போ வருவது குறையவில்லை. மரபணு அசைவது வேறு, நோய் தடுக்கப்படுவது வேறு.

என்ன செய்யலாம்?

பெரியவர்களுக்கு ஐசிஎம்ஆர் 2020-ல் பரிந்துரைத்த அளவு தினமும் 600 யூனிட். 60,000 யூனிட் பாக்கெட் என்பது குறைபாடு உள்ளவர்களுக்கு, பெரும்பாலும் வாரம் ஒன்று வீதம் சில வாரங்களுக்கு மட்டும் டாக்டர் எழுதித் தருவது. குறைபாடு இருந்தால் எலும்புக்கு அது அவசியம். ஆனால் கோர்ஸ் முடிந்த பிறகும் நாமாக வாங்கிச் சாப்பிட்டால், கொழுப்பில் கரையும் இந்த வைட்டமின் உடலில் சேர்ந்துகொண்டே போகும். ரத்தத்தில் கால்சியம் எகிறி, வாந்தியில் தொடங்கி சிறுநீரகப் பாதிப்பு வரை போகலாம். பழைய சீட்டைக் காட்டி அடுத்த பாக்கெட் வாங்கும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.