தெளிப்பான் பாட்டரியின் கொள்ளளவைப் பரீட்சிக்கும் விதம்

முதுகில் சுமந்து மருந்தடிக்கும் பாட்டரித் தெளிப்பான் இப்பொழுது பல கிராமங்களில் கைத்தெளிப்பானின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. அதனுள் பெரும்பாலும் இருப்பது 12 வோல்ட், 8 ஆம்பியர்-மணி அளவுள்ள மூடிய ஈயப் பாட்டரி. இரண்டொரு வருஷம் கழிந்தபின், இரவெல்லாம் சார்ஜ் ஏற்றியும் நடு வயலில் அது நின்றுவிடுகிறதென்றும், ஆட்களின் கூலி வீணாகிறதென்றும் குடியானவர்கள் முறையிடுகிறார்கள். கடைக்காரரோ வோல்ட்மீட்டரை வைத்துப் பார்த்து, 12.7 காட்டுகிறது, பழுதில்லை என்று திருப்பியனுப்புகிறார். இருவர் கூற்றும் உண்மையே.

தூர்ந்துபோன ஏரியைக் கவனியுங்கள். கலங்கல் மட்டத்திற்கு நீர் நிற்கும். ஆயினும் ஆயக்கட்டில் பாதிக்கே பாயும். பாட்டரியின் வோல்ட் நீர்மட்டத்தைப் போன்றது. தகடுகளின் மேல் ஈய சல்பேட் என்னும் உப்பு கெட்டியாய்ப் படியப் படியக் கொள்ளளவு குறையும். மட்டம் அவ்வளவாய்க் குறையாது. ஆகையால் மடையைத் திறந்துவிட்டு, எவ்வளவு நேரம் பாய்கிறதென்று பார்ப்பதே சரியான பரீட்சை.

இதற்கு வேண்டியவை மோட்டார் சைக்கிளின் இண்டிகேட்டருக்குரிய 12 வோல்ட், 10 வாட் பல்பு ஒன்று, 5 ஆம்பியர் பியூஸ், வோல்ட் குறைந்தால் தானே துண்டிக்கும் பலகை, 12 வோல்ட் ரிலே, மல்டிமீட்டர், பழைய சுவர்க்கடிகாரம் ஆகியவை. பாட்டரியின் நேர்முனைக்கு மிக அருகில் பியூஸை வைத்து, இரு முனைகளையும் பலகையின் உள்வழியில் சேர்க்கவேண்டும். வெளிவழியில் பல்பும், அதனோடு வரிசையாய் 10 ஆம்பியர் துளையில் மாட்டிய மல்டிமீட்டரும் வரும். ரிலேயின் சுருளை அதே வெளிவழியின் இரு முனைகளுக்கும் குறுக்கே இணைத்து, கடிகாரத்தின் சிறு செல்லிலிருந்து போகும் கம்பி ஒன்றை ரிலேயின் தொடுமுனைகள் வழியாய்க் கொண்டுபோக வேண்டும். பல்பு எரியும் மட்டும் கடிகாரம் ஓடும்; பலகை துண்டித்ததும் இரண்டும் நின்றுவிடும். காவலுக்கு ஆள் வேண்டுவதில்லை.

துண்டிக்கும் எல்லை 10.5 வோல்ட். மீண்டும் சேரும் எல்லையை 12.5-இல் வைத்தல் அவசியம். பளு நீங்கியதும் பாட்டரியின் வோல்ட் தானே சற்று ஏறும். பலகை அதை நம்பி மறுபடியும் சேர்த்துவிட்டால் கணக்குக் கெடும்.

பாட்டரியில் முழுதும் சார்ஜ் ஏற்றி, ஒரு மணி நேரம் ஆறவிட்டு, கடிகாரத்தை 12-இல் வைத்துத் தொடங்குக. மல்டிமீட்டர் காட்டும் ஆம்பியரை இரண்டு மணிக்கொருமுறை குறித்துச் சராசரி காண்க. சராசரி 0.8 ஆம்பியர், ஓடியது 6 மணியானால், கொள்ளளவு 4.8 ஆம்பியர்-மணி.

புதிய பாட்டரியும் இப்பளுவில் 8 முழுவதும் தராது. மேலே அச்சிட்ட அளவு 20 மணி நேரம் மெதுவாய் இறக்குவதற்கு உரியது. வேகமாய் இறக்கினால் கிடைப்பது குறையும் என்பதை ஜெர்மானிய விஞ்ஞானி பாய்க்கெர்ட் 1897-இல் கணக்கிட்டுக் காட்டினார். ஆதலால் வாங்கிய வாரத்திலேயே இப்பரீட்சையைச் செய்து, மணியையும் தேதியையும் பாட்டரியின் மேல் எழுதிவைப்பது நலம். வாடகைக்குத் தெளிப்பான் கொடுக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கு இது மிகவும் தகும். உத்தரவாதக் காலத்தில் கடைக்காரரோடு வாதாடவும் உதவும். அவர் அதை விரும்பமாட்டார் என்பது வேறு விஷயம்.

முதலில் கண்டதில் ஐந்தில் நாலு பங்குக்குக் கீழே போனால் பாட்டரியின் ஆயுள் முடிந்ததென்பது தொழில் வழக்கு. ஆனால் அரை ஏக்கர் கத்தரிக்கு மருந்தடிப்பவர் அதற்காகப் புதிது வாங்க வேண்டியதில்லை. மணி குறையாமலே தெளிப்பான் நிற்குமாயின், குற்றம் முனைக்கம்பியிலோ சுவிச்சிலோ பம்பு மோட்டாரிலோ இருக்கும். பாட்டரியை மாற்றுவது வீண் செலவு.

பரீட்சை முடிந்த அன்றே மீண்டும் சார்ஜ் ஏற்றிவிட வேண்டும். இறங்கிய நிலையில் கிடந்தால் உப்பு மேலும் கெட்டிப்படும். லிதியம் பாட்டரிக்கு மேற்சொன்ன வோல்ட் எல்லைகள் பொருந்தா.