வயிற்றைக் கிழித்தால் வலிக்கும்... குடலை வெட்டினால் வலிக்காது! தெரியுமா?

தன் வயிற்றைத் தானே அறுத்து, குடல்வாலைத் தானே வெட்டியெடுத்த டாக்டர் ஒருவர் இருந்தார், தெரியுமா? பெயர் லியோனிட் ரோகோசோவ். ரஷ்யர், வயது 27. அண்டார்டிகாவில் இருந்த சோவியத் ஆய்வு முகாமில் அவர் ஒருவர்தான் டாக்டர். 1961 ஏப்ரலில் அவருக்கே குடல்வால் அழற்சி வந்துவிட்டது. வெளியே பனிப்புயல், விமானம் வர வழியில்லை. ஏப்ரல் 30 அன்று ஒரு நண்பர் கண்ணாடி பிடிக்க, இன்னொருவர் காயத்தை விலக்கிப் பிடிக்க, ஒன்றே முக்கால் மணி நேரத்தில் ஆபரேஷனை முடித்தார். இரண்டே வாரத்தில் வேலைக்கும் திரும்பிவிட்டார்!

மயக்க மருந்து? கிடையாது. மயங்கிவிட்டால் அறுப்பது யார்? வயிற்றுச் சுவரில் மட்டும் நோவோகெயின் என்ற மரப்பு மருந்தைப் போட்டுக்கொண்டார்.

அது போதுமா என்றால், பெரும்பாலும் போதும். நம் குடலைக் கத்தியால் வெட்டினாலும் நெருப்பால் சுட்டாலும் அதற்கு வலி தெரியாது! ஸ்வீடனைச் சேர்ந்த லெனாண்டர் என்ற சர்ஜன் நூறு வருஷத்துக்கு முன்பே, விழித்திருந்த நோயாளிகளிடம் இதைக் கவனித்து எழுதினார். குடலுக்குத் தெரிவதெல்லாம் இழுப்பதும் உப்புவதும்தான். ஆபரேஷன் முடிந்து இருமும்போது உயிர் போகிறதே, அந்த வலியில் பெரும்பங்கு தோலிலும் தசையிலும் வயிற்றின் உள்சவ்விலும் பிறப்பது. அங்கே போகும் நரம்புகளுக்கு வரைபடமே உண்டு. மார்புப் பகுதித் தண்டுவடத்தின் ஏழாவது நரம்பு தொடங்கி இடுப்பின் முதல் நரம்பு வரை வரிசையாக இறங்கி வருகின்றன. தொப்புள்? பத்தாம் நம்பர்!

கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் சிசேரியனில் பிள்ளை பெற்ற அக்கா தங்கையைக் கேட்டுப் பாருங்கள், “முதுகுல ஊசி போட்டாங்க, இடுப்புக்குக் கீழ மரத்துப் போச்சு, புள்ள அழுவுற சத்தம் கேட்டுச்சு” என்பார்கள். தமிழ்நாட்டில் நூற்றுக்கு 45 பிரசவம் சிசேரியன். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்வது. தனியார் ஆஸ்பத்திரிகளில் மட்டும் பார்த்தால் 64! ஆக, நம் ஊரில் வயிற்று ஆபரேஷன் என்றால் முதலில் நினைவுக்கு வர வேண்டியது சிசேரியன்தான்.

அந்த முதுகு ஊசி பிறந்த கதை தெரியுமா? 1898, ஜெர்மனியின் கீல் நகரம். ஆகஸ்ட் பியர் என்ற சர்ஜன் முதுகுத்தண்டு நீரில் கொக்கெயின் செலுத்தி நோயாளிகளுக்கு ஆபரேஷன் செய்து பார்த்தார். பலன் இருந்தது, கூடவே தலைவலியும் வாந்தியும் வந்தன. காரணம் தெரிய வேண்டாமா? ஆகஸ்ட் 24 அன்று தன் முதுகையே உதவியாளர் ஹில்டெபிராண்டிடம் கொடுத்தார். ஊசி உள்ளே போய்விட்டது, ஆனால் சிரிஞ்ச் அதில் பொருந்தவில்லை! தண்டுவட நீர் ஒழுகி வீணானதுதான் மிச்சம். உடனே ஹில்டெபிராண்ட் தன் முதுகைக் காட்டினார். மருந்து ஏறியது. மரத்ததா என்று பார்க்க பியர் என்னென்ன செய்தார் தெரியுமா? கீழ்க்கால் எலும்பில் இரும்புச் சுத்தியலால் அடித்தார். சுருட்டால் சுட்டார். மற்ற சோதனைகளைக் குடும்பப் பத்திரிகையில் எழுத முடியாது! மனிதருக்கு ஒன்றுமே வலிக்கவில்லை. அன்றிரவு இருவரும் ஒயினும் சுருட்டுமாகக் கொண்டாடினார்கள். பிறகு வந்தது தலைவலி. பியருக்கு ஒன்பது நாள்! பின்னாளில் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. அதில் வியப்பென்ன இருக்கிறது?

துளை வழியே தண்டுவட நீர் கசிவதால் வரும் தலைவலி அது. இன்றைய ஊசிகள் மெல்லியவை என்பதால் வெகுவாகக் குறைந்துவிட்டது. அப்படியும் விடாமல் வலித்தால் ஒரு வைத்தியம் உண்டு: உங்கள் கையிலிருந்தே 20 மில்லி ரத்தம் எடுத்து முதுகில், துளைக்குப் பக்கத்தில் செலுத்துவார்கள். ரத்தம் உறைந்து ஓட்டையை அடைத்துவிடும். பலருக்குக் கட்டிலை விட்டு இறங்கும்போதே தலைவலி போயிருக்கும்! “அந்த ஊசி போட்டதுல இருந்து முதுகுவலிதான்” என்று எல்லா வீட்டிலும் ஒரு புகார் உண்டே? ஊசி குத்திய இடம் சில நாள் வலிக்கும், உண்மை. ஆயுசுக்கும் வலிக்க ஊசி காரணமில்லை என்றே ஆய்வுகள் சொல்கின்றன. பத்து மாதம் சுமந்ததையும், குனிந்தபடியே பால் கொடுப்பதையும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

சரி, முதுகு ஊசியின் மரப்பு இரண்டு மூன்று மணி நேரத்தில் இறங்கிவிடுமே, அப்புறம்? இங்கே ஒரு விந்தை. அதே ஊசியோடு 100 மைக்ரோகிராம் மார்பின் சேர்த்தால் ஒரு நாள் வரை வலி அடங்கியிருக்கும். சதையில் போடும் வழக்கமான 10 மில்லிகிராம் ஊசியில் நூறில் ஒரு பங்கு! ஆனால் மார்பின் 1985-இன் போதைப்பொருள் சட்டத்துக்குள் வருவது. உரிமம், பதிவேடு, பூட்டிய அலமாரி என்று ஆயிரம் கெடுபிடி. சின்ன ஊர் ஆஸ்பத்திரிகளில் பல, அந்த வம்பே வேண்டாம் என்று மார்பினை வைத்துக்கொள்வதே இல்லை. மரப்பு மருந்துக்கு அந்தக் கெடுபிடி கிடையாது. அதனால்தான் அடுத்து சொல்லப் போவது பெருநகரத்தை விட ஊத்தங்கரை மாதிரி ஊருக்கே அதிகம் பயன்படும் என்பது என் கட்சி.

வயிற்றின் பக்கச் சுவரில் மூன்று தசைகள், பரோட்டா மாதிரி அடுக்கடுக்காக இருக்கின்றன. நரம்புகள் ஓடுவது இரண்டாவது அடுக்குக்கும் மூன்றாவதுக்கும் நடுவே. அந்த இடுக்கில் பக்கத்துக்கு 20 மில்லி மரப்பு மருந்தைப் பரப்பிவிட்டால் முன்வயிறு மரத்துவிடும். இதுதான் டேப் ப்ளாக். இதை 2001-இல் எழுதிக் காட்டியவர் ரஃபி என்ற மயக்கவியல் டாக்டர். 2007-இல் அயர்லாந்தில் மெக்டோனல் குழுவினர் பெருங்குடல் ஆபரேஷன் ஆன 32 பேரிடம் சோதித்தார்கள். ப்ளாக் போட்டவர்களுக்கு முதல் 24 மணி நேரத்தில் தேவைப்பட்ட மார்பின், மற்றவர்களுக்கு ஆனதில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான்! மந்திரம் இல்லை, ஒரு ஊசி ஏறத்தாழ அரை நாள் தாங்கும். உள்ளுறுப்பு இழுபடும் வலியை அது தொடாது. முதுகு ஊசியிலேயே மார்பின் போட்டவர்களுக்கு இதனால் கூடுதல் லாபம் குறைவு. மார்பின் இல்லாத ஊரில்தான் இதன் அருமை தெரியும்.

இடுக்கு சரியாகக் கிடைக்க ஸ்கேன் கருவி வேண்டும். திரையில் மருந்து கறுப்புப் பட்டையாக விரிவதைக் கண்ணால் பார்க்கலாம். ஆனால் கருவியை நினைத்தவுடன் வாங்கி வைத்துக்கொள்ள முடியாது, தெரியுமா? கருவில் பெண்ணா ஆணா என்று பார்ப்பதைத் தடுக்கும் 1994 சட்டப்படி, நரம்பைத் தேட மட்டுமே வாங்கினாலும் பதிவு கட்டாயம். பெண் சிசுக்கொலையால் பெயர் கெட்ட பகுதி இது. தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் தொடங்கியதே பக்கத்துச் சேலத்தில்தான். பிறகு தருமபுரிக்கும் வந்தது. 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆகும்வரை ஊத்தங்கரையும் தருமபுரியில்தானே இருந்தது! கெடுபிடி இருக்கட்டும், தவறில்லை. கிருஷ்ணகிரியிலேயே 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தாகிவிட்டது. இனி சேலத்துக்கும் பெங்களூருக்கும் ஓடாமல் இதையெல்லாம் கேட்கலாம்.

“காத்து பிரிஞ்சுதாம்மா?”

“இன்னும் இல்லீங்க சிஸ்டர்.”

வயிற்று ஆபரேஷன் வார்டில் காலையில் நடக்கும் முதல் விசாரணை இது! அபின் வகை மருந்துகள் வலியைக் குறைக்கும்போதே குடலையும் தூங்கவைத்துவிடும். முதுகில் மெல்லிய குழாய் வைத்து மரப்பு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடும் எபிடியூரல் முறையில் குடல் சீக்கிரமே விழித்துக்கொள்ளும், கஞ்சியும் சீக்கிரம் கிடைக்கும். எபிடியூரல் மரப்பு ஊசியை 1921-இல் எழுதியவர் ஸ்பெயின் ராணுவ சர்ஜன் ஃபிடல் பகேஸ். இரண்டே வருஷத்தில் கார் விபத்தில் இறந்துபோனார். பல வருஷம் உலகம் அவரை மறந்தே இருந்தது.

இன்னொரு அதிசயம். கல்லும் பாறையுமான நம் பக்கத்தில் தேள் கொட்டாத குடும்பம் உண்டா? தேள் கொட்டியவர்களுக்கு மரப்பு ஊசி சரியாக வேலை செய்யவில்லை என்று இந்திய டாக்டர்களே எழுதியிருக்கிறார்கள்! நரம்பில் சோடியம் நுழையும் வாசலை மரப்பு மருந்து அடைக்கிறது. தேள் விஷம் கைவைப்பதும் அதே வாசலில்தான். சிறிய ஆய்வுகள்தான், முடிந்த தீர்ப்பு இல்லை. இருந்தாலும் ஆபரேஷனுக்கு முன் மயக்க டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைச் சொல்லியே ஆக வேண்டும். அது முதுகு ஊசியில் விளையாட்டு இல்லை.

மரப்பு மருந்து தவறி ரத்தத்தில் அதிகம் கலந்தால் இதயமே நின்றுவிடலாம். மாற்று மருந்து என்ன தெரியுமா? சோயா எண்ணெய்! சாப்பிட முடியாதவர்களுக்கு ஏற்றும் பால்வெள்ளைக் கொழுப்புத் திரவம்தான் அது. கை வைன்பெர்க் என்ற அமெரிக்கர் 1998-இல் எலிகளிடம் கண்டுபிடித்தார். இன்று பல உயிர்களைக் காக்கிறது.

 

கடைசியாக, பித்தப்பை ஆபரேஷன். ஜான்சி மருத்துவக் கல்லூரியில் 3,492 பேருக்கு வெறும் முதுகு ஊசியோடு, லேப்ராஸ்கோப்பியில் பித்தப்பையை எடுக்க முனைந்த கணக்கை 2009-இல் வெளியிட்டார்கள். அதில் சிலருக்கு ஒரு விசித்திர வலி வரும். “வயித்துலதான ஆபரேஷன், தோள்பட்டை ஏன் டாக்டர் வலிக்குது?” வயிற்றை உப்ப வைக்க விடும் கார்பன் டை ஆக்சைடு உதரவிதானத்தை உறுத்துகிறது. உதரவிதானத்தின் நரம்பு புறப்படுவது கழுத்தில், தோளின் நரம்புகளுக்குப் பக்கத்திலேயே. மூளை இடம் மாறிப் புரிந்துகொள்கிறது! டேப் ப்ளாக் அங்கே எட்டாது. பயப்பட வேண்டாம்: அந்த வாயு ரத்தத்தில் கரைந்து மூச்சோடு வெளியே போய்விடும், வலியும் இரண்டொரு நாளில் அடங்கிவிடும்.