டான்சில் அகற்றும் அறுவை முறைகளும் நோயாளர் பாதுகாப்பும்: கும்மிடிப்பூண்டி தொழிற்பகுதியை முன்வைத்து

முன்னுரை

தொண்டையின் இரு பக்கங்களிலும் அமைந்த நிணநீர்த் திசுவே டான்சில். அடிக்கடி வரும் அழற்சி, உறக்கத்தில் மூச்சுத் தடைபடுதல் ஆகிய காரணங்களால் இதனை அகற்றுகின்றனர். இவ்வறுவையின் முதன்மையான சிக்கல் குருதிப்போக்கு. எம்முறையில் அது குறைவு என்பதையும், திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டி தொழிற்பகுதியினர் அதனை எவ்வாறு கருத வேண்டும் என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

அறுவை முறைகள்

கத்தரி முதலிய கருவிகளால் டான்சிலைப் பிரித்தெடுத்து, குருதிக்குழாய்களை நூலால் கட்டுவது குளிர்முறை. மின்வெப்பத்தால் அறுப்பது டயதெர்மி. உப்புநீர் வழியே மின்னாற்றலைச் செலுத்திக் குறைந்த வெப்பத்தில் திசுவைக் கரைப்பது கோப்ளேஷன். பின்னிரண்டும் வெப்பமுறைகள் எனப்படும். இவற்றில் குழாய்கள் உடனே அடைபடுவதால் அறுவை அரங்கில் குருதியிழப்பு குறைவு.

ஒப்பீடு

இங்கிலாந்திலும் வட அயர்லாந்திலும் 2003 ஜூலை முதல் 2004 செப்டம்பர் வரை நடந்த தேசியத் தணிக்கை 33,921 நோயாளரை ஆராய்ந்தது. அறுவைக்குப் பிந்தைய குருதிப்போக்கு மொத்தத்தில் 3.5 விழுக்காடு, முற்றிலும் குளிர்முறையில் 1.7 விழுக்காடு. அறுப்பதற்கும் குருதியை நிறுத்துவதற்கும் வெப்பத்தையே பயன்படுத்தியபோது இடர் ஏறத்தாழ மூன்று மடங்காயிற்று. சிறு குழந்தைகளைவிடப் பெரியவர்களிடம் குருதிப்போக்கு மிகுதி.

இதற்குரிய விளக்கம் ஆறும் முறையில் உள்ளது. வெப்பத்தால் கருகிய படலம் பெரும்பாலும் 5 முதல் 10 நாள்களுக்குள் உதிரும். அப்போது அடியிலுள்ள குழாய் திறக்கக்கூடும். அரங்கில் நின்ற குருதி வீட்டில் மீண்டும் கசியலாம்.

தொழிற்பகுதிச் சூழல்

கும்மிடிப்பூண்டி சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 45 கி.மீ. தொலைவில் உள்ளது. சிப்காட் ஆலைகளில் பணிபுரியும் வெளிமாநிலத்தவர் பலர் குடும்பத்தைப் பிரிந்து வாழ்கின்றனர். வலி தணிந்ததும் பணிக்குத் திரும்பும் தொழிலாளிக்குக் குருதிப்போக்கு இரவுப்பணியில் தொடங்கினால், காலமே உயிரைத் தீர்மானிக்கும். எனவே இரு வார ஓய்வும் உடனிருக்க ஒருவரும் தேவை. இரவிலும் காது மூக்கு தொண்டை அறுவை வசதியுள்ள மருத்துவமனையை முன்கூட்டியே அறிந்திருத்தல் வேண்டும். எச்சிலில் புதுக்குருதி சிறிதளவு தெரிந்தாலும் 108 ஊர்தியை அழைத்தல் வேண்டும். இவ்வறிவுரைகள் தமிழோடு தெலுங்கிலும் இந்தியிலும் எழுத்தாக வழங்கப்படுதல் நன்று.

முடிவுரை

அறுவை மருத்துவரின் பயிற்சியும் முடிவைப் பாதிக்கும். எனவே கருவியின் புதுமை மட்டும் பாதுகாப்புக்குச் சான்றாகாது. அரங்கில் இழந்த குருதியை மட்டும் அளவிடாமல், பின்வரும் இரு வாரங்களையும் கணக்கிட்டே முறையைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும்.