கூரைமேல் கதிரவன், கடலடியில் புல்



வானகத் தந்தை நல்லவர், கெட்டவர் என்று பாராமல் எல்லாருக்கும் கதிரவனைத் தருகிறார் என்று மலைப்பொழிவில் ஆண்டவர் கற்பிக்கிறார் (மத் 5:45). கட்டுமாவடிக் கரையில் கருவாடு காயவைக்கும் நமக்கு வெயிலின் அருமை தெரியும். அதே வெயில் இன்று வீட்டு விளக்கையும் எரியவைக்கிறது.

நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியை எரித்தே வருகிறது. அந்தப் புகையிலுள்ள கரியமில வாயு பூமியைப் போர்வைபோல் மூடி, வெப்பத்தை வெளியே விடாமல் பிடித்துக்கொள்கிறது. கடல் சூடாகிறது; சூடான கடல் புயலுக்கு வலுவூட்டுகிறது. 2018 நவம்பர் 16 அன்று வீசிய கஜா புயலில் சாய்ந்த தென்னைகளையும் உடைந்த படகுகளையும் நாம் மறக்கவில்லை. உலகில் குறைவாகப் புகை விட்டவர்களே அதிகம் இழக்கிறார்கள். அதனால்தான் திருத்தந்தை பிரான்சிஸ், 2015-இல் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ என்ற திருமடலில், பூமியின் கூக்குரலையும் ஏழைகளின் கூக்குரலையும் சேர்த்தே கேட்கச் சொன்னார்.

2070-க்குள் நிகர உமிழ்வைச் சுழியமாக்குவதாக, 2021-இல் கிளாஸ்கோ மாநாட்டில் இந்தியா அறிவித்தது. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டம், ஒரு கோடி வீடுகளின் கூரையில் சூரியத் தகடுகளை அமைக்க முனைகிறது. மூன்று கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. ஆனால் அது தகடு பொருத்திய பிறகே வங்கிக் கணக்கில் வந்து சேரும். முன்பணம் இல்லாதவருக்கும் சொந்தக் கூரை இல்லாதவருக்கும் திட்டம் எட்டாக்கனி ஆகிவிடக்கூடாது. நம் அன்பியங்கள் இங்கே கைகொடுக்கலாம்: விண்ணப்பம் நிரப்பவும், வங்கிக் கடன் கேட்கவும் கைம்பெண்களுக்கும் முதியோருக்கும் துணை நிற்கலாம். வத்திக்கானில் ஆறாம் பவுல் அரங்கத்தின் கூரையில் 2008-லேயே ஏறத்தாழ 2,400 தகடுகள் பொருத்தப்பட்டன. பங்கின் கட்டடக் கூரைகளைப் பற்றி நாமும் பேசத் தொடங்கலாம்.

புகையைக் குறைப்பது ஒரு பாதி. வெளியேறிய கரியை ஈர்ப்பதைக் காப்பது மறுபாதி. நம் பாக் விரிகுடாவின் அடியில் வளரும் கடற்புல் கரியை உள்வாங்கி, வேரிலும் சேற்றிலும் நெடுங்காலம் புதைத்து வைக்கிறது. மீன்குஞ்சும் நண்டும் வளரும் தொட்டிலும் அதுவே. கடற்பசுவின் உணவும் அதுவே. தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பை, இந்தியாவின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு 2022 செப்டம்பரில் அறிவித்தது. அரசாணை கரையில் எழுதப்படுகிறது. காப்பது கடலில் நடக்கவேண்டும். புல்லை வேரோடு பெயர்க்கும் இழுவை மடி, புதைந்த கரியையும் கிளறிவிடுகிறது. நாளைய மீனையும் அழிக்கிறது. எனவே கடற்பசுவைக் காப்பது சிறுபடகு மீனவரின் சோற்றைக் காப்பதே.

தோட்டத்தைப் பண்படுத்தவும் பாதுகாக்கவும் ஆண்டவர் மனிதரை அதில் வைத்தார் (தொநூ 2:15). நமக்குக் கிடைத்த தோட்டத்தில் பாதி, கடல். இந்த வாரம் அன்பியக் கூட்டத்தில் இரண்டு கேள்விகளை எழுப்புவோம்: நம் தெருவில் யாருடைய கூரைக்கு உதவி தேவை? நம் படகுகள் கடற்புல்லைக் கிழிக்காமல் தொழில் செய்ய என்ன வழி?

படைப்பின் ஆண்டவர் நம்மை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.